மாடு உண்டு, தரை இல்லை: மன்னாரின் மேய்ச்சல் நிலம் பற்றி

மன்னாரின் கால்நடை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இனவிருத்தி, செயற்கைமுறைச் சினைப்படுத்தல், பால் சேகரிப்பு நிலையம், மானியக் கடன் என்று தொடங்குவார்கள். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் இவற்றுக்கு முன்னரே தீர்த்திருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாடு எந்த நிலத்தில் நிற்பது, அந்த நிலம் யார் பொறுப்பில் இருப்பது? மன்னாரின் பாசனக் குளமான கட்டுக்கரைக்குளத்தின் கீழ் காலபோகத்துக்கு, அதாவது மழைக்கால நெற்செய்கைக்கு, முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, எந்தத் திகதிக்கு முன்னர் வயல்வெளியிலிருந்து கால்நடைகளை அப்புறப்படுத்துவது என்றெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. மீறினால் மாட்டைப் பிடிக்கலாம், தண்டம் அறவிடலாம். 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் அதற்குக் கைகொடுக்கிறது. அப்புறப்படுத்திய மாட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது மட்டும் பெரும்பாலும் பட்டிக்காரர் பாடாக விடப்படுகிறது. இந்த ஓட்டையை அடைக்காமல் எத்தனை உயர்ரகப் பசுக்களைக் கொண்டுவந்து இறக்கினாலும் மன்னாரில் பால் பெருகப் போவதில்லை. மேய்ச்சல் தரையை, அதில் மேய்க்கிற மக்களின் கூட்டு அமைப்பொன்றிடம் சட்டபூர்வமாக ஒப்படைப்பதே அதை அடைக்கும் வழி என்பது என் வாதம். இதற்குச் சான்றாக நம் சட்டப் புத்தகத்தையும், பூகோளத்தின் மறுகோடியில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் காணியை ஆட்டுப் பண்ணையாகவும் மாட்டுப் பண்ணையாகவும் ஆக்கப் பட்ட பாட்டையும் எடுத்துவைக்கிறேன்.

முதலில் நம் நிலத்தின் ஆண்டு வட்டத்தைப் பார்ப்போம். மன்னாரில் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவில்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதே மாதங்களில்தான் நானாட்டான் வெளியும் மாந்தை வெளியும் நெல்லாகின்றன. புல் முளைக்கிற காலமும் மாடு வெளியேறவேண்டிய காலமும் ஒன்றாக விழுவது இந்த மாவட்டத்தின் அடிப்படைச் சிக்கல். அரிவு வெட்டு முடிந்ததும் மாடு வயலுக்குத் திரும்பும். ஒட்டை மேயும், எருவை விடும், கமக்காரருக்கும் அது ஆதாயம். சோளகம் வீசும் காலத்தில் வயல் காய்ந்துவிட, குளங்களில் தண்ணீர் வற்ற வற்ற வெளிப்படும் ஈரத்தரையில் புல் கிடைக்கும். மிச்சமிருப்பது மழைக்கால நாலைந்து மாதம். அந்த மாதங்களுக்கு முன்னோர் கண்ட வழி காடு. மடுப் பக்கத்துக் காட்டுக்கும் முசலிப் பக்கத்துக் காட்டுக்கும் பட்டிகள் போயின, அங்கேயே அடைக்கப்பட்டன, தை மாசி கழித்துத் திரும்பின. இதற்கு உறுதியும் இல்லை, பேர்மிட்டும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கமே ஆவணமாக இருந்தது.

போர் அந்த வழக்கத்தை அறுத்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி முதல் முசலிக் கிராமங்கள் வரை ஆளும் ஆடுமாடும் இல்லாமற் போயின. 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறைப் பக்கத்து இராணுவ நடவடிக்கையோடு முள்ளிக்குளம் மக்கள் கிளம்பினார்கள். அவர்களுடைய ஊர் கடற்படை முகாமாகியது. 2017இல் மக்கள் தொடர்ந்து போராடிய பிறகே 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது. ஆள்புழக்கம் நின்ற இருபது ஆண்டில் வயலும் மேட்டுக்காணியும் மேய்ச்சல் தரையும் ஒன்றுபோலப் பற்றை மூடிக் காடாகின. பின்னர் வர்த்தமானிகள் வந்தன. 2012 ஒக்டோபர் 10இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம், பெரியமுறிப்புப் பக்கங்கள் ஒதுக்குக் காடாயின. 2015இல் மடு வீதிப் பகுதி தேசியப் பூங்காவாகியது. 2017 மார்ச்சில் மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட காடு என்ற பெயரில் 40,030 ஹெக்டெயர் ஒரே கையெழுத்தில் வனவளத் திணைக்களத்தின் கீழ் போனது. கட்டுக்கரைக்குளம் 1954 முதலே சரணாலயம். இன்னொரு பக்கத்தில், திறந்து கிடந்த தரையை நெல் விழுங்கி வந்தது. நானாட்டான் பிரிவில் புல்லறுத்தான்கண்டல் மேய்ச்சல் தரை பற்றி இப்படி எழுந்த தகராறு இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரிந்ததே. ஒரு பக்கம் காடு மூடப்பட, மறுபக்கம் வயல் முன்னேற, நடுவில் நிற்கிற மாட்டுக்குக் கட்டாக்காலி என்று பெயர் வைத்திருக்கிறோம். மாட்டின் குற்றம் இதில் எவ்வளவு என்று தெரியவில்லை.

இந்த நிலைமையின் வேர் போருக்கும் நெடுங்காலம் முந்தியது. 1840ஆம் ஆண்டு இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆட்சிக்குட்பட்ட இரண்டு தீவு நாடுகளில் காணி பற்றிய இரண்டு ஆவணங்கள் பிறந்தன. பெப்ரவரி 6இல் நியூசிலாந்தின் வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்கள் பிரித்தானிய முடியோடு ஒப்பந்தம் செய்தார்கள். அவர்கள் நிலம் அவர்களிடமே இருக்கும் என்று அது உறுதி சொன்னது. அதே ஆண்டு இலங்கையில் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அனுமானித்தது. உழுதவன் சால் காட்டலாம், வீடு கட்டியவன் சுவர் காட்டலாம், மேய்த்தவன் எதைக் காட்டுவான்? மேய்ச்சல் நிலத்தில் வேலி இல்லை, வரிப் பற்றுச்சீட்டு இல்லை. மேய்ச்சல் ஒழுங்காக நடந்தால் நிலத்தில் அடையாளமே மிஞ்சாது. ஆகவே அந்த ஒரு அனுமானத்தால் முதலில் உரிமை இழந்தவர்கள் சேனைக்காரரும் பட்டிக்காரருமே. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது.

ஒப்பந்தம் பெற்ற மாவோரிகள் தப்பிவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுக்குப் பறிப்பு வேறு வேடத்தில் வந்தது. 1865இல் சுதேசிகள் காணி நீதிமன்றம் ஏற்பட்டது. குலம் முழுவதும் கூட்டாக ஆண்ட நிலத்துக்கு ஒரு சில பெயர்களில் உரிமைப் பத்திரம் எழுதியது. பத்திரத்தில் பெயருள்ளவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்றாயிற்று. விற்றது போக எஞ்சிய நிலத்தில் பங்குகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகின. அப்பாவின் பங்கு ஆறு பிள்ளைக்கு, அவர்களுடையது முப்பது பேரப்பிள்ளைக்கு. நூற்றுக்கணக்கானவர் பெயர் ஏறிய காணியை நம்பி எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. பக்கத்து வெள்ளைக்காரக் குடியேறிக்கு அரசே குறைந்த வட்டியில் முற்பணம் கொடுத்தது. அவன் புல் விதைத்து, வேலி போட்டு, செம்மறி வாங்கிவிட்டான். மாவோரிக் காணி புதராகக் கிடந்தது. கிடந்ததைக் காட்டி, இவர்களுக்குப் பண்ணை நடத்தத் தெரியாது, நிலத்தை விற்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். வாய்ப்பை மறுத்துவிட்டுச் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்லும் அந்தப் பேச்சை நாமும் கேட்டிருக்கிறோம்.

இதற்கு விடை தேடியவர் அபிரானா நாட்டா. நாட்டி பொரோ குலத்தவர், நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி, 1905 முதல் 1943 வரை நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய குலத்தார் 1912இலேயே வைஆப்பு விவசாயிகள் கூட்டுறவுக் கம்பனியைத் தொடங்கி, கம்பளியை விற்கவும் கடன் பெறவும் தமக்கென ஒரு வழி வைத்திருந்தார்கள். 1928இல் சுதேச விவகார அமைச்சரான நாட்டா, மறு ஆண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார். பங்காளிகள் யார் யார், யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு முடியும்வரை காத்திராமல், அரசு நேரடியாக மாவோரிக் காணியில் முதல் போடலாம் என்றது அச்சட்டம். காடு வெட்டி, புல் விதைத்து, மந்தை வாங்கிக் கொடுக்கும் செலவு காணியின் மேல் கடனாக ஏறும். பாலும் கம்பளியும் அதை அடைக்கும். ரொட்டொருவாவுக்கு அருகே ஹொரொஹொரோவில் வேலை தொடங்கியது; வைக்காட்டோவில் தே புவேயா என்ற தலைவி தம் மக்களைத் திரட்டிப் பண்ணைகளை எழுப்பினார். நாட்டின் நடு மேட்டுநிலத்தின் எரிமலைச் சாம்பல் மண்ணில் மாடு நோயுற்று மெலிந்து சாகும் என்று வெள்ளைக்காரர் கைவிட்டிருந்தார்கள். மண்ணில் கோபால்ட் என்னும் தனிமம் குறைவாயிருந்ததே நோய்க்குக் காரணம் என்று 1930களில் கண்டறிந்ததும் அந்த மண்ணும் மேய்ச்சல் நிலமாகியது. 1933இல் சிறந்த மாவோரிப் பண்ணைக்கு அஹுவெனுவாக் கேடயம் ஏற்படுத்தப்பட்டது. அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

நாட்டாவின் சிறப்பு, உரிமைச் சிக்கலையும் உற்பத்தியையும் தற்காலிகமாகப் பிரித்ததில் இருக்கிறது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், புல் ஒரு பக்கம் வளரட்டும் என்றார். ஆனால் அவர் திட்டத்தில் ஒரு விஷமும் கலந்திருந்தது. பணம் திணைக்களத்தினுடையது என்பதால் பொறுப்பும் திணைக்களத்துக்குப் போனது. 1934இல் கணக்கு வழக்குகளைக் குறைகூறிய விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின் நாட்டா பதவி விலகினார். அவர் போனபிறகு அதிகாரிகளின் பிடி மேலும் இறுகியது. கடன் அடையும்வரை சொந்தக் காணிக்குள் கால்வைக்கவும் உரிமையாளர் அனுமதி கேட்க நேர்ந்தது. சில காணிகள் திரும்பி வருவதற்குள் ஒரு தலைமுறையே கழிந்தது. அடுத்து 1953ஆம் ஆண்டின் சட்டம், 25 பவுணுக்குக் குறைந்த பங்குகளைப் பொருளாதாரப் பயனற்றவை என்று முத்திரை குத்தி மாவோரித் தர்மகர்த்தா என்ற அரச அதிகாரி கட்டாயமாக வாங்க வழிசெய்தது. பங்கின் விலை அற்பமாயிருக்கலாம். ஆனால் அந்தப் பங்கு போனால் ஒரு மாவோரிக்குத் தன் ஊரில் நிற்க ஒரு சாண் மண்ணும் இல்லை. 1975இல் வினா கூப்பர் என்ற மூதாட்டி தலைமையில் தலைநகர் நோக்கி நடந்த பெரும் பாதயாத்திரைக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

நிலைத்து நின்ற வழி வேறொன்று. 1893இலேயே மங்காட்டூ என்ற கிழக்குக் கரைக் காணியின் பங்காளிகளை ஒரே சட்டபூர்வ அமைப்பாக்க, வீ பெரே என்ற தலைவரின் முயற்சியில் தனிச்சட்டம் வந்தது. நிலத்தைத் துண்டாடவில்லை, பங்காளிகள் பங்குதாரர் ஆனார்கள், ஒரு நிர்வாகக் குழுவைத் தெரிந்து பண்ணையை அதன் கையில் கொடுத்தார்கள். இடையில் எத்தனையோ கடன் தொல்லை வந்தும் அமைப்பு அழியவில்லை. 1993ஆம் ஆண்டின் மாவோரிக் காணிச் சட்டம் இப்படிப்பட்ட கூட்டமைப்புகளையும் நம்பிக்கைப் பொறுப்புகளையும் நடுவில் வைத்து, காணி கைமாறிப் போவதைக் கடினமாக்கியது. இன்று மாவோரிக் காணி ஏறத்தாழ 14 இலட்சம் ஹெக்டெயர், நாட்டின் நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்கு. மாவோரி நம்பிக்கைப் பொறுப்புகள் சேர்ந்து தௌப்போவுக்கு அருகே தொடங்கிய மிராக்கா பால் ஆலை, பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியால் 2011 முதல் பால்மா தயாரிக்கிறது. பால்மா என்றதும் நமக்கு எங்கே உறைக்கவேண்டுமோ அங்கே உறைக்கும். 2022 மார்ச்சில் 400 கிராம் பொதி 790 ரூபாய்க்கு ஏறியது. காசு இருந்தாலும் கடையில் பொதி இல்லை. பட்டிகள் நிறைந்த மன்னாரிலும் தேநீர்க்கடைகள் பிளேன்ரீக்கு இறங்கின.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். நாட்டாவின் சட்டத்துக்கு ஆறு ஆண்டு கழித்து, 1935இல், இலங்கையின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. துண்டாடலைக் கண்டு அஞ்சியது அதுவும். ஆனால் அது கண்ட மருந்து வேறு: காணியைத் தனி ஆளுக்கு அனுமதிப் பத்திரத்தில் கொடு, ஒரே ஒரு பின்னுரித்தாளியை நியமிக்கச் சொல், பிரிக்க விடாதே. மூத்த மகனுக்கு முன்னுரிமை கொடுத்த அட்டவணை 2022இல்தான் திருத்தப்பட்டது. ஒற்றை உரித்து நெல்வயலுக்கு ஓரளவு பொருந்தலாம். மேய்ச்சலுக்கு அறவே பொருந்தாது. இரண்டு ஏக்கர் வயலில் ஒரு குடும்பம் அரைவயிறாவது கஞ்சி குடிக்கும். இரண்டு ஏக்கர் வறண்ட தரையில் ஒரு பட்டி ஒரு வாரம்கூட மேயாது. மேய்ச்சல் நிலம் பரந்து ஒன்றாகக் கிடந்தால்தான் மேய்ச்சல் நிலம். இதை அச்சட்டத்தை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதுதான் வியப்பு. அதன் 8ஆம் பிரிவு, அரச காணியை எவ்வெந்த நோக்கத்துக்கு அளந்து ஒதுக்கலாம் என்று பட்டியலிடும்போது, கிராம விரிவாக்கம், கிராமக் காடு என்பவற்றோடு கிராம மேய்ச்சல் நிலத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒதுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அரசாங்க அதிபருக்குக் கொடுத்தது; இன்று அதைப் பிரதேச செயலாளர் செயற்படுத்துகிறார். குடியேற்றத் திட்டங்களுக்காக நூற்றாண்டுக்கு அருகாக ஓயாது புரட்டப்பட்ட சட்டத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் நாம் தூசு தட்டவில்லை.

ஆகவே வேண்டுவது புதுச் சட்டம் அன்று. பிரதேச செயலகம் தோறும் மேய்ச்சல் தரையை அளந்து ஒதுக்கவேண்டும். ஒதுக்கியதை நீண்டகாலக் குத்தகையில் பட்டிக்காரரின் பதிவுபெற்ற கூட்டுறவு அமைப்பிடம் விடவேண்டும். அந்த அமைப்பின் நிர்வாகத்தில் கமக்கார அமைப்பின் ஆளும் இருக்கவேண்டும். யார் எத்தனை மாடு விடலாம் என்ற எண்ணிக்கையைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனையோடு அமைப்பே ஆண்டுதோறும் தீர்மானிக்கட்டும். அரசு கடன் கொடுக்கட்டும். கடன் கொடுத்த காரணத்துக்காக முதலாளி ஆகவேண்டாம். நாட்டாவின் திட்டத்திலிருந்து நல்லதை எடுத்துக் கெட்டதை விடுவது என்றால் இதுதான்.

இப்படி நிலம் உறுதியானால் உற்பத்தி தானாக வருமா என்று கேட்பீர்கள். தானாக வராது, ஆனால் நிலம் உறுதியாகாமல் வரவே வராது. நாளை இருக்குமோ இருக்காதோ என்ற தரையில் யாரும் கிணறு வெட்டமாட்டார்கள், தீவனப்புல் நடமாட்டார்கள். கோயம்புத்தூரில் உருவான கோ-3 புல்லைத் தெற்கே பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அதற்குத் தண்ணீரும் வேலியும் வேண்டும், இரண்டும் நிலைத்த செலவு. அரிவு முடிந்ததும் வெட்டும் இயந்திரம் சிதறிவிட்டுப் போகிற வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறோம்; அதே ஊர் மாடு ஆவணியில் விலாவெலும்பு தெரிய நிற்கிறது. வைக்கோலைச் சேர்த்து யூரியா கலந்து மூடிவைத்துத் தீவனமாக்கும் முறை பல காலமாகத் தெரிந்ததுதான். சேர்த்து வைக்க ஒரு பொது இடமும், செய்ய ஒரு அமைப்பும் இல்லாததே குறை. நாட்டுப்பசு நாளைக்கு ஒன்றிரண்டு லீட்டர்தான் கறக்கும் என்று ஏளனம் செய்கிறோம். சரிதான்; ஆனால் அரைவயிற்றோடு எட்டு மைல் நடக்கிற எந்தப் பசுவும் அதற்குமேல் கறக்காது. மன்னார்த் தீவுக்குள் நிலைமை வேறு. மணலும் பனையும் உடைமரமும் உள்ள அந்த நிலத்துக்கு மாட்டைவிட ஆடே ஏற்றது. யாழ்ப்பாண உள்ளூர்ச் செம்மறி என்று ஆய்வாளர் பெயரிட்ட, கம்பளி இல்லாத, வெயில் தாங்கும் இனம் வடக்கின் சொந்தச் சொத்து. அதைத் தேடிப் பெருக்குவதைவிட்டுத் தோற்றம் பெரிதாக உள்ள வெளிநாட்டுக் கிடாக்களின் பின்னால் ஓடுவது வீண்வேலை என்பது என் எண்ணம்.

மறுப்புகள் பல உண்டு. முதலாவது கமக்காரரின் மறுப்பு: மன்னார் நெற்களஞ்சியம், ஒரு ஏக்கர் நெல்லின் வருமானத்துக்கு ஒரு ஏக்கர் புல் ஈடாகுமா? தண்ணீர் பாயும் ஏக்கரில் ஈடாகாது. அந்த ஏக்கரை யாரும் கேட்கவும் இல்லை. 1890களில் பிரித்தானியர் மீளக் கட்டிய கட்டுக்கரைக்குளம், தேக்கம் அணையிலிருந்து வரும் அருவியாற்று நீரை நம்பியது. அந்த நீர் எட்டாத மேட்டில், மழையை மட்டும் நம்பி, தரையை உடைத்து விதைக்கும் நெல்தான் மேய்ச்சலைத் தின்கிறது; அது மூன்று போகத்தில் ஒன்று பொய்க்கும் நிலத்திலும் விதைக்கப்படுகிறது. அங்கே புல்லே இலாபம். மேலும், மாடு போக இடமிருந்தால் நல்ல வயலின் பயிரும் தப்பும். வேலிச் சண்டையில் வெட்டுப்பட்ட மாடும் பொலிஸ் முறைப்பாடும் இரு தரப்புக்கும் நட்டம்.

இரண்டாவது மறுப்பு காட்டுக்காக எழுவது. இதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். முசலியில் மீள்குடியேற்றத்தின் பெயரால் காடு அழிந்தது என்ற வழக்கில், கல்லாறு ஒதுக்குக் காட்டில் நடந்த குடியேற்றம் சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அமைச்சர் ஒருவர் தம் செலவில் மரம் நடவேண்டும் என்றும் சொன்னது. மாவோரி வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. மங்காட்டூ மலைச்சரிவுகளில் காட்டை வெட்டிப் புல் விதைத்ததில் மண் சரிந்து ஆறு தூர்ந்தது. 1961இல் அச்சரிவுகளில் ஒரு பகுதியை அரசு வாங்கி மறுபடி மரம் நட நேர்ந்தது. ஆகவே முதிர்ந்த காட்டைத் திறக்கும் கோரிக்கை ஏற்கத் தக்கதன்று. ஆனால் 1990க்கு முன் வயலாகவும் தரையாகவும் இருந்து, ஆளில்லாத காலத்தில் பற்றை மூடிய நிலத்தை முதிர்காட்டோடு ஒரே கோட்டுக்குள் அடைப்பது நியாயம் ஆகாது. இரண்டையும் பிரித்துக்காட்டப் பழைய நிலஅளவைப் படங்களும் குளங்களின் அணைக்கட்டுகளுமே போதும். குளக்கட்டு உள்ள இடத்தில் ஒருகாலம் ஊர் இருந்தது. எல்லை தெளிவானால் பட்டிக்காரரே காட்டுக்கு நல்ல காவலர் ஆவார்கள். களவாக மேய்ப்பவனுக்குக் காட்டின்மேல் அக்கறை எப்படி வரும்?

மூன்றாவது மறுப்பு படித்தவர்களுடையது: எல்லோருக்கும் பொதுவானதை எல்லோரும் சுரண்டி முடிப்பார்கள். கறெற் ஹாடின் 1968இல் இதை எழுதியபோது காட்டிய உதாரணமே மேய்ச்சல் நிலம்தான். அவர் சொன்னது கேட்பாரற்ற நிலத்துக்குப் பொருந்தும். ஆள்வோர் உள்ள பொதுநிலத்துக்குப் பொருந்தாது என்று எலினோர் ஒஸ்ரொம் உலகெங்குமுள்ள சான்றுகளால் காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். அவர் ஆராய்ந்த சான்றுகளில் இலங்கையின் தென்கரைக் கிராமமான மாவெல்லையின் கரைவலைத் தொழிலும் ஒன்று. முறைவைத்து வலை இழுக்கும் ஒழுங்கு அங்கே செவ்வையாக இருந்தும், வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதியை அரசியல் தலையீடு செயலிழக்கச் செய்தபோது இலாபம் கரைந்தது. கரைவலைப் பாடு என்றால் என்ன என்று மன்னார்க் கரையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கடலைப் பங்கிட்டு முறைவைத்து ஆளத் தெரிந்த சமூகத்துக்குத் தரையை ஆளத் தெரியாது என்பது நம்பத்தக்க வாதமா? மாவெல்லை தரும் எச்சரிக்கை வேறு: எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், வரம்பை அமைப்பு விதித்தால் அரசு அதன் பின்னால் நிற்கவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொலைபேசி அழைப்பில் வரம்பு உடையுமானால் தரை மூன்று ஆண்டில் புழுதியாகிவிடும்.

நான்காவது, கம்பனிகளிடம் கொடுத்துவிடலாமே என்பது. தாரனாக்கியில் மாவோரி ஒதுக்குக் காணிகள் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் 21 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் நிரந்தரக் குத்தகைக்குக் குடியேறிகளிடம் போயின. பண்ணைகள் செழித்தன, நாட்டின் பால் பெருகியது. நிலத்துக்குரியவர் கையில் சொற்ப வாடகை. சந்தை வாடகைக்கு வழிவிட்ட திருத்தம் 1997இல் வந்தது. நூறு ஆண்டு காத்திருப்பு அது. நம் நாட்டில் பெரிய முதலீட்டின் கதையும் அறிந்ததே: அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்றிடமிருந்து 20,000 கறவைப் பசுக்களை இறக்குமதி செய்ய 2014இல் ஒப்பந்தமாகி, 2017இல் முதற்கட்டமாக 5,000 வந்தன. பல இறந்தன, சொன்ன பாலும் வரவில்லை, மிச்சத் திட்டம் நின்றது. குளிர்நாட்டுப் பசுவைக் கொண்டுவருவதற்குக் கடன் கிடைத்தது. இங்குள்ள பசுவுக்குத் தரை ஒதுக்கக் கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் மன்னாரில் காணி தேடுகிற வேகத்தைப் பார்க்கும்போது, ஆவணம் இல்லாத தரை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் யோசிக்கவேண்டியது.

கடைசி மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் எல்லாக் கூட்டங்களிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. அமைப்பில் யார் சேர்வது? கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள். போகாமல் இருந்தவர், இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து திரும்பியவர். பட்டி உள்ளவர், போரில் பட்டியை இழந்தவர். இன்று மாடு வைத்திருப்பவரை மட்டும் சேர்த்தால், இழந்தவர் இரண்டாம் முறை இழக்கிறார். இழப்பதற்கு முன்னர் ஊரில் குடியிருந்த குடும்பங்கள் அனைத்துக்கும், அவர்களின் பிள்ளைகளுக்கும் உறுப்புரிமை இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இடம்பெயர்ந்தவரின் காணியுரிமை காலவோட்டத்தால் அழிந்துபோகக்கூடாது என்ற அதே நியாயத்தைத்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உறுதிக்காணிக்கு ஏற்றது; மேய்ச்சல் உரிமைக்கு அது பொருந்தாமற் போக நியாயமில்லை. மாட்டிறைச்சி பற்றிய மனவேறுபாடும் இந்த ஊரில் உண்டு. பாற்பண்ணைக்குக் காளைக்கன்றுகளை என்ன செய்வது என்ற கணக்கு இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. அதை அமைப்புக்குள் பேசித் தீர்ப்பதே மேல். கொழும்பிலிருந்து வரும் மாடறுப்புத் தடைப் பிரேரணைகள் அதைத் தீர்க்கமாட்டா.

மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தொடங்கி வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர் செய்தவர்கள் வேரூன்றிய பிறகு எழுந்த போராட்டம் அது. மன்னாரில் அந்த அளவுக்கு முற்றவில்லை. பேசுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. மாகாண சபைப் பட்டியலில் காணி இருந்தும், 1987இன் 13ஆம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமையவில்லை. அதற்காகக் காத்திருந்தால் தரை மிஞ்சாது. எனவே இங்கே வந்திருக்கும் பட்டிக்காரரிடமும் கமக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களுக்கும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் மேய்ச்சல் நிலத்தை அளந்து ஒதுக்கும்படி விண்ணப்பம் எழுதுங்கள். ஊரில் எந்தத் தரை எங்கிருந்து எங்குவரை என்று தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லையைப் படமாக வரைந்து இணையுங்கள். விண்ணப்பத்தில் கமக்காரர், பட்டிக்காரர் இரு தரப்பாரும் கையெழுத்திடுங்கள்.